மழைக்கு நிறுத்தும் வண்டிகள்: குமரி மாவட்டத்தில் ஜேசிபி, ஹிட்டாச்சி, ரோலர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் இரண்டு ஜேசிபி, ஒரு ஹிட்டாச்சி (செயினில் ஓடும் மண் அள்ளும் வண்டி), ஒரு ரோடு ரோலர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். கூடவே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பும் உண்டு. மே கடைசி வாரம் வந்தால் போன் அடிக்கத் தொடங்கிவிடும்: "அண்ணே, வேலை நின்னு போச்சு, வண்டியை என்ன செய்ய?" ஜனவரியில் அதே ஆட்கள் திரும்பக் கூப்பிடுவார்கள்: "அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது." முதல் போனில் சொன்னதைக் கேட்டவர்களிடம் இருந்து இரண்டாவது போன் அனேகமாக வராது. கேள்விகள் வருஷா வருஷம் ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

நம்ம ஊருக்கு ஆஃப் சீசன் எது? கம்பெனிப் புத்தகத்தில் குளிர்காலம் என்று போட்டிருக்கிறதே?

அந்தப் பக்கங்களைப் பாதிக்குப் பாதி மறந்துவிடலாம். பனி உறையும் நாடுகளை மனதில் வைத்து எழுதியவை அவை. நமக்கு உறைபனி இல்லை. ஈரம், உப்பு, எலி, குளவி இந்த நான்கும்தான் எதிரி.

தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. நமக்கு இரண்டு முறை. ஜூனில் தென்மேற்கு, மேற்கே சிலர் இடவப்பாதி என்பார்கள். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. மேற்கே உள்ள விளவங்கோடும் கல்குளமும் நனைகிற அளவுக்குக் கிழக்கே உள்ள தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நனைவதில்லை. அதனால் மார்த்தாண்டத்தில் வண்டி நிற்கும்போது ஆரல்வாய்மொழியில் வேலை நடந்துகொண்டிருக்கும். கால்வாய், குளம் வேலை எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை வழக்கமாக ஜூனில் திறந்துவிடுவார்கள். தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு கால்வாய்க்குள் வண்டி இறக்க வழியில்லை.

ஆகவே நமக்கு நீளமான ஒரே ஓய்வு கிடையாது. ஜூன், ஜூலை நிற்கும். ஆகஸ்டில் நாலு நாள் ஓடும். செப்டம்பரில் கொஞ்சம் மூச்சு விடும். அக்டோபரில் திரும்ப நிற்கும். இந்தத் துண்டுதுண்டான ஓய்வுதான் வண்டியைக் கெடுக்கிறது. "நாளைக்கே வேலை வந்தாலும் வரும்" என்று எதுவும் செய்யாமல் விடுகிறோம், அந்த நாளை இரண்டு மாதம் கழித்து வருகிறது.

எத்தனை நாள் நின்றால் இதையெல்லாம் செய்ய வேண்டும்?

பெரும்பாலான கையேடுகள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றால் முறையாக நிறுத்தச் சொல்கின்றன. நான் கையேட்டை விடக் கொஞ்சம் கடுமை. பத்து நாள் என்றால் கழுவி, கிரீஸ் அடித்து, பேட்டரி சுவிட்சை ஆஃப் பண்ணினால் போதும். மூன்று வாரம் தாண்டும் என்று தோன்றினால், "தோன்றினால்" போதும், கீழே சொல்லும் எல்லாவற்றையும் செய்துவிடுவேன். அரைநாள் வேலை. இரண்டு நாளில் வேலை வந்துவிட்டால் அரைநாள் கூலிதான் நஷ்டம்.

வாரத்துக்கு ஒருதடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விடுகிறேன். அது போதாதா?

போதாது என்பது மட்டுமில்லை, அது கெடுதல். நான் அதிகம் சண்டை போட்டிருப்பது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

இன்ஜின் குளிர்ந்த நிலையில் ஓடும்போது எரிந்த டீசலில் இருந்து வரும் நீராவி உள்ளேயே தண்ணீராகப் படிகிறது. முழுச் சூடு ஏறினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். அஞ்சு நிமிஷத்தில் அந்தச் சூடு ஏறாது. அதனால் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தண்ணீரும் எரியாத டீசலும் ஆயிலில் சேர்ந்துகொண்டே இருக்கும். பேட்டரிக்கும் நஷ்டம்தான். செல்ஃப் அடிக்கச் செலவான மின்சாரம் அஞ்சு நிமிஷ ஓட்டத்தில் திரும்ப ஏறாது. எட்டு வாரம் இப்படி "பராமரித்த" வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், அதன் உட்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

ஓட்டுவதானால் மாதம் ஒரு தடவை, குறைந்தது அரை மணி நேரம், டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வரும் வரை ஓட்டுங்கள். சும்மா நிறுத்தி உறும விடாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். பூம், ஆர்ம், பக்கெட், ஸ்டெபிலைசர் கால் எல்லாவற்றையும் முழுதாக நீட்டி மடக்குங்கள். சிலிண்டருக்குள் ஆயில் படலம் புதிதாகும், சீல் காயாது. அது முடியாதென்றால் தொடவே வேண்டாம், முறையாக மூடிவிடுங்கள்.

எங்கே நிறுத்தலாம்? எங்க வீட்டு விளையில் (தோப்பில்) இடம் இருக்கு.

விளையில் என்ன மரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. தென்னைக்குக் கீழே வேண்டாம், அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ரப்பர் மரம் காற்றுக்கு முறியும். 2017 நவம்பர் 30-ம் தேதி ஓகி புயல் அடித்த காலையில் இந்த மாவட்டத்தில் எத்தனை ரப்பர் தோட்டம் படுத்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். என்னுடைய ஒரு ஜேசிபி அன்று பலாமரத்தடியில் நின்றது. நிழல் கிடைக்குமே என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன். கிளை கேபின் கூரையில் விழுந்து முன் கண்ணாடியும் போயிற்று. அதன்பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பேட்டரிக்குச் சார்ஜ் போட முடியாமல் தவித்தது தனிக் கதை.

ஏலாவில் (வயல்வெளியில்), வயல் ஓரத்தில், குளக்கரையில், ஆற்றுப் புறம்போக்கில் நிறுத்தாதீர்கள். 2021 நவம்பர் மழையில் தண்ணீர் ஏறிய இடங்களை நினைத்துப் பாருங்கள்; அந்தக் கோட்டுக்கு மேலே இடம் பாருங்கள். மண் வெட்டி எடுத்த செங்குத்துத் திட்டுக்கு அடியிலும் கூடாது. நம்ம செம்மண் வெயிலில் பாறை மாதிரி நிற்கும், நாலு நாள் அடைமழையில் சொல்லாமல் கொள்ளாமல் சரியும். வீட்டு வேலை நடக்கும் இடத்தில் வானம் (அஸ்திவாரம்) தோண்டியிருந்தால், அந்தக் குழியின் ஓரத்தில் இருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். ஜேசிபி ஏழெட்டு டன் எடை. ஈர மண் அதைத் தாங்காது.

நல்ல இடம் என்பது பாறைப்பொடியோ மெட்டலோ போட்டு இறுக்கிய, கொஞ்சம் மேடான, தண்ணீர் தானாக வடியும் தரை. மேலே ஷீட் கொட்டகை இருந்தால் அதிர்ஷ்டம். அது இல்லாவிட்டாலும் தரை சரியாக இருந்தால் பாதிக் கவலை விட்டது.

கடற்கரையில் வேலை பார்த்த வண்டி. தனியாக ஏதும் செய்யணுமா?

ஆமாம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடல் அரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவுக்குக் கல் போட்ட வண்டி என்றால் வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். நிறுத்தும் நாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள். உப்புக்குத் தனியாக ஒரு குணம் உண்டு: காற்றில் உள்ள ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் உப்பு படிந்த இரும்பு நனைந்தபடியே இருக்கும். கடலோரக் கிணற்றுத் தண்ணீரும் உப்புக் கரித்தால் அதில் கழுவிப் பயனில்லை. வண்டியை உள்ளே கொண்டுவந்து கழுவுங்கள்.

மறக்கிற இடங்கள்: ரேடியேட்டரின் வலைக் கண்ணிகள், பேட்டரிப் பெட்டி, கேபினுக்கு அடியில் உள்ள வயர் இணைப்புகள், பூமின் அடிப்பக்கம், செயின் பிரேமின் உள்பக்கம். பிரஷர் கன்னை வயர் கனெக்டரிலும் சீலிலும் நேராக அடிக்காதீர்கள். தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது. கழுவிய பிறகு ஒரு மணி நேரமாவது வெயிலில் காயட்டும், அப்புறம்தான் கிரீஸ். ஈரத்தின் மேல் கிரீஸ் அடித்தால் ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி.

வேஸ்ட் ஆயிலை வண்டி முழுக்கப் பூசலாமா? எங்க அப்பா காலத்தில் இருந்து செய்கிறோம்.

என் அப்பாவும் செய்தார். பக்கெட், பக்கெட் பல், பிளேடு போன்ற வெறும் இரும்புக்குப் பூசினால் மன்னிக்கலாம், அதுவும் மண்ணில் சொட்டாமல். ஹோஸ், சீல், டயர், வயர் எதிலும் படக்கூடாது, ரப்பர் ஊதிப் போகும். இன்ஜினுக்குள் எரிந்து கழிந்த ஆயிலில் அமிலமும் கரியும் இருக்கின்றன. துருவைத் தடுக்கிறேன் என்று அதைப் போய்ப் பூசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. துருத் தடுப்பு ஸ்பிரேயோ சுத்தமான கிரீஸோ வாங்குங்கள். பெயின்ட் உரிந்த இடத்தில் துருவைத் தேய்த்து ஒரு கோட் பிரைமர் அடித்துவிட்டால் அது எல்லாவற்றையும் விட நல்லது.

சிலிண்டர் ராடுக்கு ஏன் இவ்வளவு கவலைப்படுகிறீர்கள்?

வண்டியில் மிக விலை கூடிய துரு அங்கேதான் பிடிக்கும். ஹைட்ராலிக் சிலிண்டருக்குள் போய்வரும் இரும்புத் தண்டுதான் ராடு. அதன் மேல் பளபளவென்று இருப்பது குரோமியப் பூச்சு. உப்பும் ஈரமும் மாதக்கணக்கில் அதன் மேல் நின்றால் ஊசி முனை அளவு குழிகள் விழும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டும். ஜனவரியில் வேலைக்குப் போனதும் அந்தக் குழி ஒவ்வொரு தடவையும் சீலை அரம் மாதிரி அராவும். பதினைந்து நாளில் ஆயில் ஒழுகும். சீல் மாற்றுவீர்கள், திரும்ப ஒழுகும். மெக்கானிக் சரியில்லை என்று ஆளை மாற்றுவீர்கள். தப்பு ராடில் இருக்கிறது.

அதனால் நிறுத்தும்போது முடிந்தவரை எல்லா ராடையும் உள்ளே மடக்குங்கள். ஜேசிபியில் எல்லாவற்றையும் மடக்க முடியாது; பக்கெட்டைத் தரையில் வைத்தால் ஏதாவது ஒன்று நீட்டித்தான் நிற்கும். வெளியே தெரிகிற நீளத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். அப்பிக் குவிக்க வேண்டாம்.

இதைவிட முக்கியம் எடுக்கும் நாள்: லீவரைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுங்கள். இரண்டு மாதம் மணலும் தூசியும் ஒட்டிய கிரீஸ் அது. அப்படியே ராடை உள்ளே இழுத்தால் உப்புத்தாளால் சீலைத் தேய்த்ததற்குச் சமம். மாதம் ஒருமுறை ஓட்டுபவர்களும் துடைத்து, ஓட்டி, திரும்பப் பூச வேண்டும்.

பக்கெட்டும் பிளேடும் தரையில், அடியில் பலகை அல்லது பனந்தடி வைத்து. தூக்கிய நிலையில் ஒருபோதும் நிறுத்தக்கூடாது. இன்ஜினை அணைத்த பின் கையேட்டில் சொன்னபடி லீவர்களை நாலு பக்கமும் ஆட்டி, ஹோஸில் நிற்கும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள்.

டீசல் டேங்க்கை நிரப்பி வைக்கவா, காலியாக வைக்கவா? நிரப்பினால் திருடுகிறார்களே!

நிரப்பித்தான் வைக்க வேண்டும். காலி இடம் இருந்தால் அங்கே ஈரக் காற்று இருக்கும், இரவில் அது தண்ணீராகித் தகரத்தில் வடிந்து அடியில் தேங்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கிற மட்டத்தில் நுண்ணுயிர் வளரும். கறுப்பாக, வழவழவென்று பாசி மாதிரி இருக்கும். ஃபில்டரைக் கழற்றும்போது அதைப் பார்த்திருப்பீர்கள், "பம்பில் மோசமான டீசல் போட்டுட்டான்" என்று திட்டியிருப்பீர்கள். பல நேரம் பம்புக்காரர் மேல் பழியே இல்லை, நம்ம டேங்க்கில் முளைத்தது அது.

நிறுத்துவதற்கு முன் வாட்டர் செப்பரேட்டரில் உள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் நுண்ணுயிர் தடுக்கும் மருந்து கடையில் கிடைக்கிறது. டப்பாவில் உள்ள அளவுப்படி கலந்து, அது ஃபில்டர் வரை போக இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள்.

திருட்டுக்குப் பதில் பூட்டு மூடி. அதுவும் இல்லை, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில்தான் நிறுத்த முடியும் என்றால் இடத்தை மாற்றுங்கள் என்பேன். டீசல் போகிற இடத்தில் அடுத்து பேட்டரி போகும்.

புகையைச் சுத்தம் செய்ய யூரியாத் திரவம் ஊற்றுகிற புது வண்டி என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அது வெப்பத்தில் சீக்கிரம் கெடும். 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். வாளியில் மிச்சம் வைத்ததை அடுத்த சீசனுக்கு ஊற்றாதீர்கள்.

பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?

ஒரு மாதத்துக்கு மேல் என்றால் கழற்றுங்கள். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது நேர் எதிர். முழுச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய விட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் திரும்பச் சார்ஜ் போடுங்கள். தாழ்ந்த சார்ஜில் மாதக்கணக்கில் நின்றால் தகடுகளில் வெள்ளையாகச் சல்பேட் படிந்து இறுகும், அப்புறம் எத்தனை ஆம்பியர் கொடுத்தாலும் ஏறாது. நம்ம ஊர்ச் சூட்டில் சும்மா இருந்தாலே சார்ஜ் வேகமாக இறங்கும், அதனால் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஹிட்டாச்சியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். தனித்தனியாகச் சார்ஜ் போடுங்கள். ஒன்று பழுதானால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழசும் புதுசும் ஜோடி சேராது.

சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ரப்பர்ப் பெட்டி வைத்த அந்தக் காலப் பேட்டரிக்குச் சொன்னது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது கிடையாது. மரப்பலகை மேல் வைக்கிறவர்கள் வைக்கட்டும், தப்பில்லை.

இன்ஜின் ஆயிலை நிறுத்தும்போது மாற்றவா, எடுக்கும்போது மாற்றவா?

நிறுத்தும்போது. ஓடிய ஆயிலில் உள்ள அமிலம் இரண்டு மாதம் பேரிங்கை நனைத்துக்கொண்டிருக்க விடாதீர்கள். சூடாக ஓட்டி வடித்து, ஃபில்டரோடு மாற்றி, புது ஆயில் எல்லா இடத்துக்கும் போக ஒருமுறை ஓட்டி நிறுத்துங்கள்.

ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். உறைபனி இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள், துருத் தடுப்புக்கு.

எலி?

வயரைக் கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டியில் குட்டி போடும், சீட்டுக்குள் வீடு கட்டும். கேபினில் சோற்றுப் பொட்டலம், பிஸ்கட் உறை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. பாச்சை உருண்டை கொஞ்ச நாள் வேலை செய்யும். ரப்பர்த் தோட்டத்தில் நிறுத்திய வண்டியில் எலி இருந்தால் அதைத் தேடிப் பாம்பும் வரும். எடுக்கும் நாளில் கம்பால் தட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு பானட்டுக்குள் கை விடுங்கள்.

எலியை விட எனக்குப் பயம் குளவி. மண்ணைக் குழைத்துக் கூடு கட்டுமே, அந்தக் குளவி. ஒரு வருஷம் ரோலரை வேலைக்கு எடுத்தோம். அழகாக ஸ்டார்ட் ஆகும், இருபது நிமிஷத்தில் மூச்சு முட்டி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து அடித்தால் திரும்ப ஓடும். டீசல் ஃபில்டர் மாற்றினோம், ஃபீட் பம்ப் கழற்றினோம், இரண்டு நாள் போயிற்று. மூன்றாவது நாள் டீசல் டேங்க் மூடியைத் திறந்த பையன், "அண்ணே, உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்குது" என்றான். டேங்க்குக்குக் காற்று போகும் பொடித்துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம். பம்பால் இழுக்க முடியவில்லை. அதில் இருந்து ஒவ்வொரு காற்றுத் துளைக்கும், சைலன்சர் வாய்க்கும், ஹைட்ராலிக் டேங்க் பிரீதருக்கும் கொசுவலைத் துண்டு கட்டி, நூலில் சிவப்புத் துணி தொங்க விடுகிறேன். சைலன்சருக்குப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தாலும் போதும். எத்தனை இடத்தில் மூடினோம் என்று எழுதி ஸ்டீரிங்கில் கட்டிவிடுங்கள். திறக்க மறந்தால் குளவி செய்ததை நாமே செய்ததாகிவிடும்.

தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினேன், உள்ளே எல்லாம் வியர்த்துக் கிடக்குது.

இறுக்கிக் கட்டியதுதான் காரணம். தரையில் இருந்து ஏறும் ஈரம் உள்ளேயே சுற்றுகிறது. மேலே மட்டும் மூடுங்கள், சக்கரத்துக்கு மேலே ஓரடியாவது திறந்து காற்று ஓடட்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் கயிறு நாலு பங்கு வேண்டும். அந்தக் கணவாய்க் காற்றில் தளர்ந்த தார்ப்பாய் பெயின்ட்டையே உரித்துவிடும்.

டயர், செயின்?

டயரில் காற்றைச் சரியான அளவுக்கு ஏற்றி, அடியில் பலகை போட்டு, மாதம் ஒருமுறை கால் சுற்று நகர்த்துங்கள். வெயில் படும் பக்கத்தைச் சாக்கால் மூடுங்கள். ஸ்டெபிலைசர் காலை ஊன்றி டயரைத் தூக்கி வைப்பவர்கள் உண்டு. டயருக்கு நல்லது, ஆனால் அந்தக் காலின் ராடு முழுதும் மழையில் நீட்டிக்கொண்டு நிற்கும். எனக்குச் சம்மதமில்லை. ஆக்சிலுக்கு அடியில் கட்டை கொடுங்கள்.

ஹிட்டாச்சி செயினுக்குள் இருக்கும் மண்ணை ஈரமாக இருக்கும்போதே சுரண்டி எடுங்கள். நாஞ்சில் நாட்டு வயல் களிமண் காய்ந்தால் செங்கல். அதோடு வண்டியை நகர்த்தினால் செயினைத் தாங்கும் ரோலர் சுற்றாமல் செயினில் தேயும்.

மற்றச் சாமான்கள்?

மிக்சர் டிரம்மில் ஒட்டிய கான்கிரீட்டை அன்றே எடுத்துவிட்டு, வாயைக் கீழே சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் கொசு வளர்க்கும் தொட்டி. பாறை உடைக்கும் பிரேக்கரில் உளியைக் கழற்றி, பிஸ்டனை உள்ளே தள்ளி, கிரீஸ் பூசி, வாயை மூடுங்கள். பிஸ்டன் முனை துருப்பிடித்தால் பிரேக்கரே போச்சு. வைப்ரேட்டர் ஊசியைச் சுருட்டித் தொங்க விடாமல் நீட்டிப் படுக்க வையுங்கள். பெட்ரோல் இன்ஜின் வைத்த, மண்ணை இறுக்கும் கம்பாக்டரில் மட்டும் டேங்க் விதி தலைகீழ்: காலி செய்து, கார்புரேட்டர் வற்றும்வரை ஓட்டி நிறுத்துங்கள்.

முப்பந்தல் காற்றாலைப் பக்கம் நிற்கும் பெரிய கிரேன்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான். மே முதல் செப்டம்பர் வரை காற்று அடிக்கும் காலம் காற்றாலைக்குச் சீசன், கிரேனுக்கு ஓய்வு. பூமை இறக்கித் தரையில் படுக்க வைக்காமல் அந்த மாதங்களைக் கடத்த நினைக்காதீர்கள்.

சாவி, காகிதம்?

பல கம்பெனி வண்டிகளில் ஒரே மாடலுக்கு ஒரே சாவி பொருந்தும் என்பது ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாவியை எடுத்துக்கொண்டு போனால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். மறைவாக ஒரு பேட்டரி கட் ஆஃப் வையுங்கள்.

வண்டி ஓடவில்லை என்று இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள். வெள்ளமும் மரம் விழுவதும் நிற்கும் காலத்தில்தான் நடக்கின்றன. பாலிசியில் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் பாருங்கள். நிறுத்திய அன்று நாலு பக்கமும், ஓடிய நேரம் காட்டும் ஹவர் மீட்டரையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

தண்ணீரில் முங்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. இன்ஜின் சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியைக் கழற்றுங்கள், தண்ணீர் ஏறிய மட்டத்தைப் போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எல்லா ஆயிலையும் வடித்த பிறகுதான் மற்றது.

ஜனவரி வந்தாச்சு. வண்டியை எப்படி எடுப்பது?

வேலைக்குப் போகும் நாள் காலையில் எடுக்காதீர்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். இரண்டு நாள் முன்னால் எடுங்கள்.

முதலில் வண்டியைச் சுற்றி ஒரு நடை. அடியில் ஆயில் சொட்டியிருக்கிறதா, ஹோஸில் வெடிப்பு, பெல்ட்டில் கீறல், வயரில் எலிப் பல். நீங்கள் எழுதித் தொங்கவிட்ட சீட்டைப் பார்த்து மூடிய எல்லாவற்றையும் திறங்கள். ராடு கிரீஸைத் துடையுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே பாருங்கள். வாட்டர் செப்பரேட்டரை வடியுங்கள். இன்ஜின் ஆயில் மட்டம் நிறுத்தியபோது இருந்ததைவிட ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது, ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஹைட்ராலிக் ஆயில் பால் மாதிரி கலங்கியிருந்தாலும் அப்படியே.

எல்லாம் சரி என்றால் பேட்டரியை மாட்டி, டீசலை நிறுத்தி வைத்து செல்ஃப் மட்டும் அடியுங்கள். டீசலை எப்படி நிறுத்துவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் இரண்டு நிமிஷம் செல்ஃப் ஆறட்டும். பேரிங்கிலும் டர்போவிலும் இரண்டு மாதமாக ஆயில் வடிந்து போயிருக்கும். நெருப்பு விழுவதற்கு முன் அங்கே ஆயில் போய்ச் சேர வேண்டும். பிறகு ஸ்டார்ட் பண்ணி, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் ஒரு உறுமு உறும வைப்பார்கள் பாருங்கள், டர்போவுக்கு அதுதான் எமன்.

பத்து நிமிஷம் கழித்து லீவர்களை மெதுவாக, பாரமில்லாமல், பாதித் தூரம், பிறகு முழுத்தூரம். கிரீஸ் அடிக்கும் ஒவ்வொரு நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். பிரேக்கைச் சமதளத்தில் பாருங்கள். ரிவர்ஸ் ஹாரன், லைட், சீட் பெல்ட்.

இரண்டு இடத்தில் உயிர் விஷயம். ஆயில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஹோஸின் ஊசித் துளையில் இருந்து பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்த புள்ளி மாதிரிதான் தெரியும், வலி கூட முதலில் அதிகம் இருக்காது. அன்றைக்கே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலோ கையோ போகலாம். மருந்து தடவிக்கொண்டு வீட்டில் இருக்காமல் நேராக ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஓடுங்கள், ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று, ஹிட்டாச்சி செயினைத் தளர்த்தும்போது, செயினை இறுக்கி வைக்கும் கிரீஸ் நிப்பிளுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் நிப்பிளே தோட்டா.

முதல் நாளே முழு வேலை வாங்கலாமா?

முதல் நாள் மண் அள்ளட்டும், பாறை வேண்டாம். பத்து மணி நேரம் ஓடியதும் போல்ட், ஹோஸ் முனை, ஆயில் மட்டம் எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள்.

ஆபரேட்டரை மழைக்காலத்தில் என்ன செய்வது? சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை.

எனக்கும்தான் கட்டுப்படியாகவில்லை. ஆனாலும் பாதிச் சம்பளம் கொடுக்கிறேன். அதற்கு மேலே சொன்ன எல்லா வேலையையும் அவர்தான் செய்கிறார்: கழுவுவது, கிரீஸ், பேட்டரி, குளவிக்கு வலை. முன்பு ஒரு வருஷம் ஜூனில் ஒருவரை நிறுத்தினேன். ஜூலையில் அவர் கேரளாவுக்கு வேலைக்குப் போனார், அங்கிருந்தே கல்ஃப். ஜனவரியில் வந்த புது ஆள் கெட்டிக்காரர்தான். ஆனால் அந்த வண்டியில் இரண்டாவது கியரில் ஒரு சின்ன முனகல் எப்போதும் உண்டு, பழைய ஆளுக்கு அது தெரியும். புது ஆள் அதைக் கேட்டுப் பயந்து கியர் பாக்ஸைத் திறக்கச் சொன்னார். நானும் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. அந்தச் செலவில் ஆறு மாதப் பாதிச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.